பெயர் தெரியாத மணப்பெண்கள்

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

“எடுத்தது நீங்கள்தானே, நீங்கள் ஆர்?”

“அது இருக்கட்டும் பிள்ளை, உங்கட வீட்டிலை கலியாணத்துக்கு ஆர் நிக்கினம்?”

மறுமுனை படாரென்று வைத்துவிட்டது. மாமி சளைக்காமல் அடுத்த இலக்கத்தை அழுத்தினார். வெள்ளவத்தையில் அவருடைய கலியாணப் பேச்சு அலுவலகம் இருந்த மாடிக்கு மேல்மாடியில் நான் அறை எடுத்துத் தங்கிக் கணினி படித்துக்கொண்டிருந்த காலம் அது. உறவு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மாமிதான். கணினியில் ஏதாவது முரண்டு பிடித்தால் கூரையைத் தும்புத்தடியால் தட்டுவார். நான் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்குவேன். அந்தத் தட்டலுக்காகவே காத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

லண்டனில் இருந்த அவருடைய அக்காவின் மகன், பெண் மாப்பிள்ளை விபரங்களையெல்லாம் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் போட்டுக் கொடுத்திருந்தார். மாமி மடிக்கணினியிலிருந்து அதனுடன் இணைந்து, கறுப்புத் திரையில் பிறந்த நட்சத்திரத்தைத் தட்டித் தேடுவார். அன்று புது மடிக்கணினி வந்திருந்தது. இணைத்ததும் பெயர், ஊர், நட்சத்திரம் எல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். பிறந்த ஆண்டும் தொலைபேசி இலக்கமும் மட்டும் அப்படியே நின்றன.

“என்ரை பொம்பிளைப் பிள்ளையள் ஒருத்தியும் இல்லைத் தம்பி. எல்லாம் கேள்விக்குறி!”

மற்றத் தொலைபேசியில் லண்டன் அவசரப்பட்டது. “சித்தி, நான் வேலையிலை நிக்கிறன். தீபாவளிக்கு முந்தி எடுத்த பேக்கப் இருக்கு. அதை மேலே போடுறன், ஓம் எண்டு சொல்லுங்கோ.”

மாமியின் முகம் வெளிறியது. தீபாவளிக்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் அத்தனை பேர் வந்து, அவருக்கு முன்னால் நாற்காலியில் இருந்து, சிலர் அழுதும் சொன்ன விபரங்களை அவர் ஒற்றை விரலால் தட்டிச் சேர்த்திருந்தார். பழையதை மேலே போட்டால் அவ்வளவும் போய்விடும். “ஓம்” என்பதற்கு வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்தார்.

“மாமி, பொறுக்கச் சொல்லுங்கோ. இலக்கம் எல்லாம் சரியா நிக்குது, தமிழ் மட்டும்தான் இல்லை. எனக்கென்னவோ போனது பெயரில்லை, காட்டுற விதம்தான் எண்டு படுது.”

“படுதோ? உம்மட படுதை நம்பி நான் ஊராற்றை பிள்ளையளை விடுறதே?”

நியாயமான கேள்வி. விபரங்கள் இருந்த கோப்பைத் திறந்து, எழுத்தாக அல்லாமல் அது சேமிக்கப்பட்டிருக்கும் குறியீட்டு எண்களாகக் காட்டச் சொன்னேன். ஆங்கில ஈ-பூச்சியம், ஈ-பூச்சியம் என்று அடிக்கொரு தரம் வந்தது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அப்படித்தான் தொடங்கும். உண்மையிலேயே கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

மாமி திரைக்கு மிகக் கிட்டக் குனிந்தார். “இதுக்குள்ளையோ இருக்கினம்?”

“இதுக்குள்ளைதான்.”

நிமிர்ந்து லண்டனுக்குச் சொன்னார்: “தம்பி, ஒண்டிலையும் கை வைக்காதை. பிள்ளையள் உள்ளைதான் இருக்கினமாம்.”

பிழை சின்னது. தமிழ் எழுத்து வரும் என்று பழைய மடிக்கணினி இணையும்போதே சேர்வருக்குச் சொல்லிவிடும், புதியது சொல்லவில்லை. மொழி அமைப்பை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு வரியைத் தட்டிவிட்டு மறுபடி தேடினேன்.

இப்போது நான் பார்க்கும் சேர்வர்கள் மாமியின் கட்டடத்தைவிடப் பெரிய நிறுவனங்களுடையவை. திரை குழம்பி யாராவது “எல்லாம் போச்சு” என்றால், முதலில் ஒன்றிலும் கை வைக்காதே என்றுதான் வாயில் வருகிறது; அதுவும் மாமியின் குரலில். ஆனால் அன்று அந்த அறையில் வந்த சந்தோசம் பிறகு எந்தத் திரையிலும் எனக்கு வரவில்லை. திரையில் திரும்பி வந்த பெயர்களை மாமி உரத்து வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் “இருக்கிறா” என்றார். நடுவில் ஒரு பெயரில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார்.

“இவவுக்கு நேற்றுக் கலியாணம் ஒப்பேறிட்டுது. இவவை மட்டும் அழிச்சுவிடும் தம்பி.”