முனிராஜ் அண்ணன் வெயிலில் வந்த நாள்

ஓசூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது முனிராஜ் அண்ணனின் மனைவி லட்சுமி அண்ணி போன் செய்தார். "தம்பி, அவரு வெயில்ல வந்துட்டாருங்க" என்றார். அத்தோடு போனை வைத்துவிட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இலையை மூடிவிட்டு மாரண்டஹள்ளி பஸ் ஏறினேன்.

ஹவில்தார் முனிராஜைப் பகலில் வெளியே வராத மிலிட்டரிக்காரராக நம் ஊரில் பலருக்கும் தெரியும். காரணம் தெரிந்தவர்கள் அண்ணியும் நானும்தான். இனி மறைக்க வேண்டாம் என்று அண்ணியே சொன்னதால் எழுதுகிறேன்.

வடக்கே பனிமலைக் காவலில் நான் அவருக்குக் கீழே இருந்தேன். ரோந்து போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள், இடிந்த பதுங்குகுழி ஒன்றில் கண்டெடுத்தோம். கழுத்தில் இரண்டு பல் தடங்கள். நாடி இல்லை, மூச்சில்லை, ஆனால் பேசினார். வெயில் பட்ட இடமெல்லாம் தோல் கருகியது. சோறு தங்கவில்லை. 'ரத்தக்காட்டேரி' என்ற வார்த்தையை முதலில் சொன்னவர் அவரேதான். பட்டாளம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ரயில் ஜன்னலை அடைத்து, கம்பளியில் சுற்றி, நான்தான் கூட்டிவந்தேன். வாசலிலேயே நின்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "பயமா இருந்தா சொல்லு, இப்படியே போயிடறேன்."

அண்ணி அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்குது. உள்ள வாங்க."

ஓய்வு பெற்றதும் நான் கறிக்கடை வைத்தேன். தினமும் ஒரு தூக்கு ஆட்டு ரத்தம் அவர் வீட்டுக்குப் போகும். அவர் தக்காளி மண்டிக்கு இரவுக் காவல் இருந்தார். "டூட்டியில நிக்கறப்ப, நான் மனுஷனான்னு கேள்வி வர்றதில்லப்பா" என்பார்.

ஒருமுறை ஆடுகளுக்கு நோய் கண்டு கடைகளை மூடிவிட்டார்கள். தன்னை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்.

"பூட்டு வுழுந்திருக்குதான்னு இழுத்துப் பாரு."

"பாத்துட்டேங்கண்ணா."

"இன்னொருவாட்டி பாரு. அவ நடந்து போனா, கழுத்து நரம்பு துடிக்கிறது எனக்குக் கேக்குது."

ஒன்பது நாள் அப்படியே கிடந்தார். திறந்தபோது முதலில் கேட்டது, "அவ சாப்ட்டாளா?"

இந்த முறை கல்யாணத்துக்காக இரண்டு நாள் கடையை மூடியவன் நான். அவர் பசியோடுதான் இருந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் ஓடிய புகையில், தூர் வார இறங்கிய இருவர் மயங்கி விழுந்தார்கள். உச்சி வெயில். இறங்க யாருக்கும் துணிவில்லை. அலறல் கேட்டு எழுந்தவரின் கையை அண்ணி பிடித்துக்கொண்டார்.

"மூச்சு வுடாத ஆளு ஊருக்குள்ள நான் ஒருத்தன்தான லட்சுமி?" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி இறங்கினார். முதல் ஆளைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். இரண்டாமவனுக்கு மண்டை பிளந்து ரத்தம் கொட்டியது; கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்க முடியாது. கம்பளியால் அவனைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு, வெற்றுடம்போடு படி ஏறி வெயிலுக்கு வந்தார். அவனை இறக்கிவிட்டபின் நாலு அடிகூட நடக்கவில்லை; சாம்பலாகிவிட்டார். அந்த இருவரும் பிழைத்துவிட்டார்கள்.

மேலே வந்தபோது தலைத்துண்டால் வாயை இறுக்கிக் கட்டியிருந்தாராம். புகைக்காகக் கட்டினார் என்கிறார்கள். மூச்சே இல்லாதவரைப் புகை என்ன செய்யும்? முதுகில் ரத்தம் வழிய, இரண்டு நாள் பசியில், தன் வாய்க்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு அது. சாம்பலில் கிடந்த அந்தத் துண்டை அண்ணி என்னிடம் கொடுத்தார். முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.