உண்ணிச்செடிக்கு ஒரு மகஜர்

கோடை தொடங்குமுன் குன்றைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. நிலம் யாருடையதோ, வேலையும் அவர்களுடையது. எங்கள் குன்று யாருடையது என்று கேட்டால் வனத்துறை வருவாய்த்துறையைக் காட்டியது. வருவாய்த்துறை வனத்துறையைக் காட்டியது. அரசுக் கோப்புகளுக்கிடையே தலை நரைத்த எனக்கு இது புதிதல்ல.

பீன்யா தொழிற்பேட்டைக்கு அப்பால் இருக்கிறது அந்தக் குன்று. காலடியில் தகரக் கூரை வீடுகள் ஒரு வரிசை. முந்தைய கோடையில் தீ இறங்கிவந்து கடைசி வீட்டின் பின்சுவரைக் கருக்கிவிட்டுப் போனது. அங்கே தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண்ணும், எழுந்து நடக்க முடியாத அவள் மாமியாரும் இருந்தார்கள். அடுத்த தீ சுவரோடு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அது காடே அல்ல, புல்வெளி. இடைவெளி விட்டு நிற்கும் புரச மரங்கள், நடுவே ஈச்சம்புதர். வருடாவருடம் ஜூனில் கம்பெனிப் பெயர் போட்ட பனியன் அணிந்த நல்லவர்கள் வந்து புல்லைக் கொத்திக் கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கன்றுகள் செத்தன. கொத்திய மண்ணில் உண்ணிச்செடி குடியேறி, கூரைக்கு மேல் வளர்ந்தது. புல்லில் தீ தாழ்வாக ஓடி அணைந்துவிடும். உண்ணிச்செடியில் ஏறினால் மர உச்சிக்கும் போகும், கூரைக்கும் போகும்.

அதை அகற்றிப் புல்லை மீட்க அனுமதி கேட்டு இரண்டு துறைகளுக்கும் எழுதினேன். சங்கராந்தி வரை காத்திருந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வரிசை வீட்டுக்காரர்களும் நானும் வெட்ட ஆரம்பித்தோம்.

வனக்காவலர் பைக்கில் வந்தார். அரிவாள்களைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன் சார், படிச்சவங்க நீங்களே ஹீகெ பண்ணலாமா? பர்மிஷன் எல்லி?"

கடைசி வீட்டுப் பெண் விடவில்லை. "தீ வந்தப்போ உங்களக் காணோமேண்ணே. அருவாளப் புடுங்க மட்டும் கரெக்டா வந்துட்டீங்க."

"சும்மா இரும்மா, கேஸ் ஆகும்."

"தாராளமா போடுங்க," என்றேன். "முதல்ல பறிமுதல் மகஜர் எழுதுங்க. ரெண்டு சாட்சி, நாலு எல்லை, நிலம் எந்த இலாகாவோடது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்தாங்க பேனா."

நிலம் வனத்துறையுடையது என்று எழுதினால் தீத்தடுப்புக் கோடும் அவர்கள் வேலையாகிவிடும்; இல்லை என்று எழுதினால் அரிவாளைப் பிடுங்க அவருக்கு அதிகாரமில்லை. அவருக்கும் அது புரிந்தது. தள்ளிப்போய் மேலதிகாரியை அழைத்தார். 'பேடா, பேடா', வேண்டவே வேண்டாம் என்று அவர் போனில் அலறியது எங்களுக்கே கேட்டது.

திரும்பி வந்தார். "புடிங்க சார் உங்க அருவாள. நான் இங்க வரவே இல்ல."

"நாங்களும் உங்களப் பாக்கலண்ணே," என்றாள் அந்தப் பெண். "டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனார். நாங்கள் அடிவாரம் முழுக்க வேரோடு பிடுங்கினோம். வீடுகளுக்குப் பின்னால் அகலமாக வெறும் மண்ணாகச் செதுக்கினோம்.

யுகாதிக்கு முன்பே மேலே யாரோ குப்பை கொளுத்த, தீ இறங்கியது. மாமியாரை நாற்காலியோடு சாலைக்குத் தூக்கினோம். வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் தீ முழங்கால் உயரம்கூட எழவில்லை. ஈரச் சாக்கால் அடித்தோம். செதுக்கிய மண்ணைத் தாண்டாமல் செத்தது. மழை வந்ததும் புல் தானாக முளைத்தது.

மேல்பாதியில் உண்ணிச்செடி இன்னும் நிற்கிறது. அதை வெட்டிக்கொண்டிருக்கிறோம், அனுமதி இல்லாமல்தான். என் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது: 'ஸ்தலத் தணிக்கையில் அடிவாரத்தில் உண்ணிச்செடி எதுவும் காணப்படாததால், அகற்ற அனுமதி அளிக்கும் கேள்வி எழவில்லை.' நிலம் யாருடையது என்று அதிலும் இல்லை. அது என் கைக்கு வந்தது தீயும் அணைந்து புல்லும் முளைத்த பிறகு, வரமகாலட்சுமி விரதத்துக்கு மறுநாள், சனிக்கிழமை.