மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் என்னை மலைக்க வைத்தது பனியும் இல்லை, குளிரும் இல்லை, என் கைப்பையில் கிடந்த ஒரு வீட்டுச் சாவி. திருச்சி பாலக்கரையில் எங்கள் வீட்டுக்குச் சாவி என்று ஒன்று இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. எந்நேரமும் யாராவது உள்ளே இருப்பார்கள். தட்டினால் திறப்பார்கள், திறக்கும்போதே "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். இங்கே, வடக்கில் ஒரு மில் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து வந்தால், நானே திறந்து, நானே விளக்கைப் போட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் மாடி ஏறலாம். அந்த ருசியில் ஒருநாள் வேலையே இல்லாமல் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன், சாவி போட்டுத் திறப்பதற்காகவே. சிரிக்காதீர்கள், ஊரிலிருந்து தனியாக வந்த பெண்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

அந்த வாடகை வீட்டை என்னோடு பகிர்ந்துகொண்டவள் மொரீன். என் வார்டிலேயே வேலை பார்த்தவள், லாரி டிரைவர் மகள், சிரித்தால் அடுத்த வார்டில் கேட்கும். அவளுடைய இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு அவள் அப்பா வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்தார். அது அந்த ஊர் வழக்கமாம். இனி நீ பெரியவள், உன் இஷ்டப்படி வா, போ என்று பெற்றவர்களே சொல்கிற மாதிரி. எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்ணுக்குச் சாவி கிடைத்தால் அது மாமியார் வீட்டுச் சாவியாகத்தான் இருக்கும், அதுவும் மாமியார் மனசு வைத்தால். மொரீன் தன் சம்பளத்தில் தான் வாழ்ந்தாள், தனக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்தெடுத்தாள். அவன் பெயர் ஜூலியன், எங்கள் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர்.

வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே சாதி என்றுதான் விமானம் ஏறும்போது நினைத்திருந்தேன். ஜூலியனின் பெற்றோர் மொரீனை முதல்முறை டீக்கு அழைத்தபோது, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குதிரை லாயம் வைத்த வீடு. வெளிக்கேட்டிலிருந்து வீட்டுக் கதவுக்கு நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஜூலியனின் அம்மா எங்களை அவ்வளவு மரியாதையாக வரவேற்றார். மெல்லிய பீங்கான் கோப்பையில் டீ ஊற்றினார். மொரீன் இரண்டு வாக்கியம் பேசியதுமே அந்த உச்சரிப்பை வைத்து அவளுடைய தெரு, வீடு, அப்பாவின் லாரி வரை அவருக்குத் தெரிந்துவிட்டது. "எவ்வளவு சுவாரஸ்யம்" என்றார். மறுபடியும் "எவ்வளவு சுவாரஸ்யம்" என்றார். நான் அதை மெய்யென்று நம்பி, திரும்பும் வழியில், "உன் மாமியாருக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது" என்றேன். மொரீன் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஃபிலோ, அவங்க என்னைக் கொன்னுட்டாங்க, நீ பாக்கல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்தது. காலேஜ் தோழி, ஐயங்கார் பெண் ஒருத்தி வீட்டுக்கு உத்தர வீதிக்குப் போயிருந்தேன். நானோ கிறிஸ்தவப் பெண். அவள் அம்மா தங்கமானவர், "வாம்மா, வாம்மா" என்று வாய் நிறைய அழைத்தார். முன்கட்டிலேயே பாய் விரித்து உட்காரவைத்தார். காபி அமிர்தம். குடித்து முடித்ததும், "டம்ளரை அப்படியே அந்த ஓரமா வெச்சுடும்மா" என்றார். ஓரத்தில் ஏற்கெனவே இன்னொரு டம்ளர் தனியாக இருந்தது, பால்காரருடையது. அவர் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை, நானும் சிரித்தபடிதான் எழுந்து வந்தேன். மரியாதை கொடுத்தே ஆளை எட்ட நிறுத்தும் வித்தையை ஏழு கடல் தாண்டி வந்து மறுபடி பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இதையெல்லாம் நான் வேடிக்கை பார்க்கிற இடத்தில் இருந்து சொல்லவில்லை. எனக்கும் ஒருவர் இருந்தார். பக்கத்து நகரத்தில் பொங்கல் விழா என்று ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழர்கள் கூடியபோது, தட்டில் ஆறிப்போன வடையோடு ஒருவர் என் எதிரே வந்து நின்றார். "திருச்சியா நீங்க? பேச்சுல தெரியறது" என்றார். பெயர் வரதன், எஞ்சினியர், சொந்த ஊர் ஸ்ரீரங்கம். நாங்கள் இருவரும் பல வருஷம் அதே ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம். அந்த பஸ்ஸில் ஒருவரையொருவர் பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டோம். இங்கே பேசினோம், நிறையப் பேசினோம்.

முதல் லீவுக்கு ஊர் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர், நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா சிஸ்டர்கள் நடத்தும் ஸ்கூலில் டீச்சர் வேலை பார்த்து என்னை ஆளாக்கியவள். காந்தி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த காய்களைக் கூடையில் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பையன் நல்லவரா?"

"நல்லவர்மா."

"அவங்க அம்மா என்ன சொல்றாங்க?"

நான் உருண்டு போன ஒரு வெங்காயத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். அம்மா கையிலிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தாள். "அவர் வேற வேதம்கிறதைப் பத்தி நம்ம பங்குச் சாமியார்கிட்ட பேசிக்கலாம். ஊரு என்ன பேசும்னும் எனக்குக் கவலை இல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்க பிலோமி. அவங்க பக்கத்துலேருந்து ஒருத்தராவது வந்து நிக்கணும். யாருமே வராத எடத்துல பொண்ணக் குடுத்துட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

வரதனும் லீவில் ஊருக்கு வந்திருந்தார். அதே வாரம் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில் பேசிவிட்டு வந்து, மெயின்கார்டு கேட் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னார்: "அம்மா வரமாட்டா ஃபிலோ. நீ நம்மாத்துப் பொண்ணு இல்லைன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. அப்புறம் சாதம் போட்டா." என் அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு ஆளுக்கு நாங்கள் எங்கே போவது? எங்களுக்கு வழி தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இருவரும் இங்கிலாந்துக்குத் திரும்பி, அவரவர் ஊரில் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

அந்தக் கோடையில் மொரீனுக்குக் கல்யாணம். ஜூலியனின் பெற்றோர் அன்றைக்கு வெளிநாட்டில் இருப்போம் என்று மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துவிட்டார்கள். மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போனேன். வாசலில் கோட்டில் பூச் செருகிய ஒரு இளைஞன் என்னிடம், "பிரைடா, க்ரூமா?" என்று கேட்டான். நல்ல கேள்விதான் போ என்று நினைத்து, "இரண்டும் இல்லை, நான் நர்ஸ்" என்றேன். அவன் விழித்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் உட்காரு என்பதுபோல் கையைக் காட்டினான். எங்கள் பாலக்கரைக் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்களுக்கு வலப்பக்கம். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாரும் எங்கும் உட்காரலாம் என்றாலும், கால் போன பழக்கத்தில் நான் எப்போதும் வலப்பக்கம்தான் போவேன். அன்றைக்கும் போய் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து முழங்கால் போட்டேன்.

தலை நிமிர்ந்து பார்த்தால் இடப்பக்கம் முழுக்கத் தொப்பிகள், குழந்தைகள், லாரி டிரைவர்கள், எங்கள் வார்டு நர்ஸுகள். வலப்பக்கம் நான் ஒருத்திதான். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். இந்த ஊர்க் கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் உட்காருவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. வராதவர்களின் இடத்தில் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். பீடத்தருகே நின்ற ஜூலியன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் ஓடப் பார்த்தேன்.

அதற்குள் மொரீனின் அம்மா எழுந்துவிட்டார். கனத்த உடம்பு, தலையில் நீலத் தொப்பி, கையில் பை. பெண்ணைப் பெற்றவர் எல்லார் கண்ணெதிரிலும் நடுப்பாதையைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். "நீ இரு கண்ணு. அந்தப் பையனுக்கும் யாராவது வேணும் இல்லையா?" என்றார். ஒரு நிமிஷம்தான், அவருடைய அக்கா வந்தார். அத்தைகள் வந்தார்கள். சுருட்டு மணக்கும் ஒரு மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்து மொரீன் உள்ளே நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. நான் பார்த்த எத்தனையோ கல்யாணங்களில் அதைப்போல் ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கர்த்தரே, என்ன மனுஷி அது. பூசை முழுவதும் அழுதுகொண்டே இருந்தேன்.

அடுத்த லீவில் அம்மாவிடம் இதை விவரமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். பிறகு, "அந்தம்மா பேரு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். ஜெபத்தில் சேர்த்துக்கொள்வதற்கு என்று நினைத்துக்கொண்டேன். "சரி, உன் வரதனை வரச் சொல்லு" என்றாள்.

வரதன் ஞானஸ்நானம் வாங்கவில்லை. மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி வாங்கி எங்கள் பாலக்கரைக் கோவிலிலேயே கல்யாணம் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று நிரம்பியிருந்ததால் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எந்த வழக்கம் அங்கே என்னை நடுச்சபையில் நிறுத்தியதோ அதே வழக்கம் இங்கே எங்களை மூடி மறைத்தது. ஆனால் அம்மா பெண்கள் பக்கத்தை விட்டு எழுந்துபோய் ஆண்கள் பக்கத்தில், வரதனுக்கு நேர் பின்னால், முதல் பெஞ்சில் ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்தாள். பங்குச் சாமியார் கண்ணால் ஜாடை காட்டினார். அம்மா அசையவில்லை.

மூன்றாம் நாள் மெட்ராஸுக்குப் பகல் வண்டி. விமானம் ஏற்றிவிட அம்மாவும் கூட வந்தாள். காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வண்டி ஒரு நிமிஷம் நின்றது. எங்கள் ஜன்னலுக்கு எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில், அரக்கு நிற மடிசாரில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். வேறு வண்டிக்குக் காத்திருப்பவர்போல, கையில் ஒன்றும் இல்லாமல். வரதன் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"யாருப்பா அது?" என்றாள் அம்மா.

"அம்மா" என்றார் வரதன்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "எந்திரி பிலோமி, சம்பந்தியம்மா வந்திருக்காங்க" என்றாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கைகுவித்தாள். அந்த அம்மாள் மகனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, என் அம்மாவைப் பார்த்தார். வண்டி நகர்ந்தபோது அவரும் கை குவித்தார்.

எண்பதுகளில் நாங்கள் ஊருக்குப் போனபோதெல்லாம் அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். ஒரு தடவையும் வீட்டுக்கு அழைக்கவில்லை. இப்போது இந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துக்கே வருகிறார், ஜன்னல் வழியாகப் பேத்தியின் கன்னத்தைத் தொடுகிறார், ஒரு நிமிஷம் முடிந்ததும் தள்ளி நிற்கிறார். போன மாதம் இங்கே பள்ளிக்கூடத்தில் என் மகளைக் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மூவரையும் இங்கிலாந்து வீட்டு வாசலில் வரைந்தாள், என் அம்மாவைப் பாலக்கரை வீட்டுக்குள் வரைந்தாள். ஸ்ரீரங்கத்துப் பாட்டிக்குத் தண்டவாளமும் பிளாட்பாரமும் போட்டாள். "உன் பாட்டி ரயில்வேயில் வேலை செய்கிறாரா?" என்று டீச்சர் கேட்டாளாம். "இல்லை மிஸ், அதுதான் அவங்க வீடு" என்றாளாம் என் மகள்.