இடது பெடல்

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து டீக்கடையில் நின்றிருந்தபோது ஒரு பெண் மலைச் சைக்கிளில் வந்து நின்றாள். நிற்பதற்கு முன் காலடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். செருப்பைக் கழற்றுவதுபோல அலட்சியமாக ஷூவைப் பெடலிலிருந்து விடுவித்துக் காலை ஊன்றினாள். எனக்குக் கையிலிருந்த டீ கசந்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டுப் பாதையில் சைக்கிள் விடுகிறவர்கள் ஷூவின் அடியில் ஓர் இரும்புத் துண்டை முடுக்கியிருப்பார்கள். மிதித்ததும் பெடலின் வாய் அதைக் கவ்விக்கொள்ளும். மேடு பள்ளத்தில் கால் நழுவாது. இறங்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மறந்தால் சைக்கிளோடு சாய வேண்டியதுதான். இதற்கு இங்கிலீஷில் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிளிப்பே இல்லையாம்! மாட்டிக்கொண்டு விழுந்தவனிடம் வந்து சொல்லட்டும்.

“இது எந்தப் பக்கம் திருப்புனாலும் உட்டுடும் சார். மேல இழுத்தாக்கூட வந்துடும்,” என்றாள் அந்தப் பெண், நான் பெடலையே பார்ப்பதைக் கவனித்து. விழாமலே கற்றுக்கொண்டவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என்னுடைய முதல் ஜோடி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முழுக்க இரும்பு, குட்டியூண்டு, ஸ்பிரிங் மட்டும் ராட்சசத்தனம். அப்போது நான் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் ஃபிட்டர். ஞாயிறு காலைகளில் எங்கள் பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் மேற்கே ஏரிக்கரைப் பக்கம் கிளம்புவோம். முன்னால் போவது நான். எந்தப் பாதை, எங்கே நாஷ்டா, எல்லாம் நான் சொல்வதுதான். கம்பெனியில் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. வாரத்தில் அந்த ஒரு காலையில்தான் எனக்குப் பின்னால் ஆள் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்போதுதான் தேசிங்கு வேலைக்குச் சேர்ந்தான். ஆர்.கே.பேட்டைக்காரன், எலெக்ட்ரிஷியன், என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். அவன் சைக்கிளில் புது மாடல் பெடல். சுற்றிலும் அகலமான மேடை, ஷூ மாட்டாவிட்டாலும் கால் நிற்கும். நடுவில் திறப்பு விட்டிருந்ததால் சேறு தானாக உதிர்ந்துவிடும். என்னுடையதில் சேறு புகுந்தால் மாட்டவும் மாட்டாது, மாட்டினால் விடவும் விடாது. மழைக்காலத்தில் நான் குச்சியால் பெடலைக் குடைந்துகொண்டிருக்கையில் அவன் என்னைத் தாண்டிப் போவான். சும்மா போனாலாவது பரவாயில்லை. “இன்னாணா, பல்லு குத்துறியா?” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, சைக்கிள் ஷெட்டில் நான் பெடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். தேசிங்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கலாம்ணா. என்னுது ஒண்ணு நீ எட்துக்கோ, உன்னுது ஒண்ணு நான் போட்டுக்கிறேன்.”

எனக்கு இப்படியொரு யோசனை வந்திருக்காது. வந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

“லெஃப்ட்டு எனக்கு,” என்றேன் உடனே. இடப்பக்கம் ஓட்டுகிற ஊரில் எல்லோரும் இடது காலைத்தான் ஊன்றுவோம். அவனும்தான். இடது பெடலின் மரையோ எதிர்த்திசையில் சுற்றும். வலதைக் கொண்டுபோய் அங்கே போட முடியாது. “எட்துக்கோணா,” என்று அவனே ஸ்பேனரை வைத்துக் கழற்றினான். இடது ஷூவின் அடித்துண்டுகளையும் மாற்றி முடுக்கிக்கொண்டோம்.

மறுநாள் ஏரிக்கரை முழுக்கக் களிமண். இடது கால் புது வீட்டிலும் வலது கால் பழைய வாடகை வீட்டிலுமாக நான் முன்னால் போனேன். கரை உடைந்திருந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக் குதிகாலைத் திருப்பினேன். டக். எவ்வளவு அழகாக நின்றேன் என்று யாராவது பார்த்தார்களா எனத் திரும்பினால், பின்னால் ஒருத்தரும் இல்லை.

வந்த வழியே போய்ப் பார்த்தேன். கரைக்குக் கீழே வயல் சேற்றில் தேசிங்கு இடப்பக்கமாகக் கிடந்தான். கால் இன்னும் என் பெடலில், சைக்கிள் அவன்மேல். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். லேத் ஆபரேட்டர் ஆல்பர்ட் அவன் ஷூவை முறுக்கி விடுவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் பெடலு என் கால புட்ச்சிக்கினு உடமாட்டேங்குதுணா. நான் இங்கியே நாத்து நட்டுக்கினு இருந்துடறேன், நீங்கல்லாம் போங்க!”

நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நான் விழுந்த நாட்களில் தூக்கிவிட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் சுற்றி நின்றதில்லை. விழுவதைக்கூட இவன் என்னைவிட நன்றாக விழுகிறானே என்றிருந்தது. பம்ப்செட்டில் அவனைக் குளிப்பாட்டி முடித்ததும், “அட்த்து எங்க போலாம்?” என்று ஆல்பர்ட் கேட்டார். தேசிங்கைப் பார்த்துக் கேட்டார்.

கொஞ்ச நாளில் அவனுடையதைப் போலவே நானும் புது ஜோடி வாங்கினேன். பிரயோஜனமில்லை. ஞாயிறுதோறும் அவன் முன்னால் போனான்; நான் அருமையான பெடல்களோடு கடைசியில் போனேன்.

இன்று ஏரிக்கரையைச் சுற்றி குடோன்கள். களிமண் பாதையில் கான்கிரீட் போட்டு கன்டெய்னர் லாரிகள் போகின்றன. ஆல்பர்ட் கார் வாங்கிவிட்டார். தேசிங்கு புனேவுக்கு வேலை மாறிப் போய் வருஷங்கள் ஆகின்றன. அவன் போனதும் மறுபடி நாம்தான் முன்னால் என்று நம்பி, ஒரு ஞாயிறு விடிகாலையில் கம்பெனி கேட் அருகே காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

அவன் அவ்வப்போது படம் அனுப்புவான். ஏதோ ஒரு மலைப்பாதை, முகமெல்லாம் சேறு, முன்னால் அவன். எனக்குப் பெயர் தெரியாத சிலர் சிரித்தபடி பின்னால் வருகிறார்கள். அவன் சைக்கிளில் என்ன பெடல் என்று இப்போதெல்லாம் நான் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். அதிலும் கடைசியில் வருகிறவனைப் பார்த்தால் எனக்கு அப்படி வயிறு எரிகிறது.