ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு கைதட்டல்

டிவியில் அரசியல் விவாதம் பார்க்கிறீர்களே, பின்னால் மூன்று வரிசையாக உட்கார்ந்து தலையாட்டுகிறார்களே, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? நான்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன். படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் தெருவிலிருந்து, வியாழக்கிழமை காலை ஆறரை மணி வேனில், முப்பது பேர். செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகப் போனால் சிறுசேரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய குடோன் வரும். அதற்குள் கண்ணாடி மேஜை, கண்ணைக் குத்துகிற விளக்குகள், சுவர் முழுக்கப் பாராளுமன்றத்தின் படம். வாரம் ஒருமுறை டில்லி அரசியலை அந்த குடோனுக்குள் வைத்துத்தான் பிரித்து மேய்வார்கள். வியாழன் பதிவு, ஞாயிறு பதினொரு மணிக்கு ஒளிபரப்பு.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் டிவி, சினிமா சம்பந்தமாகப் படித்தவள் நான். நிகழ்ச்சிக்கு எழுதலாம் என்ற ஆசையில் சேர்ந்தேன். "மொதல்ல ஆடியன்ஸைப் பாத்துக்கோ, அப்புறம் ஸ்கிரிப்ட் டீம்ல போடறேன்" என்றார் தயாரிப்பாளர் மேடம். அந்த அப்புறம் இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

ஆடியன்ஸ் வேலை லேசுப்பட்டதில்லை. கலர் ஒன்றே என் உயிரை வாங்கிவிடும். எந்தக் கட்சிக் கொடியின் கலரிலும் யாரும் உடுத்தக்கூடாது. கறுப்பு சிவப்பு ஆகாது, காவி ஆகாது, பச்சை ஆகாது, நீலம் ஆகாது, மஞ்சளும் ஆகாது. வெள்ளை கேமராவில் அடிக்கும், அதுவும் வேண்டாம். "நம்மூர்ல இன்னா கலர எட்த்தாலும் ஒரு கட்சி கீது. வெறும் ஒடம்போடவாடீ வர்றது?" என்று வேன் படியில் நின்று கேட்பார் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். கடைசியில் எல்லாரும் பழுப்பும் சாம்பலுமாகக் கிளம்புவார்கள். வியாழக்கிழமை எங்கள் தெருவைப் பார்த்தால் எங்கேயோ சாவு விழுந்த மாதிரி இருக்கும்.

அம்மாவும் வருவாள். கையகல நிலம்கூட இல்லாமல் அடுத்தவன் கழனியில் நட்டுக் களையெடுத்தவள். இப்போது மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். அவளுக்கு வியாழக்கிழமைதான் லீவு. காலை நீட்டிப் படுக்க வேண்டிய அந்த ஒரு நாளையும் எனக்காகத் தூக்கிக் கொடுத்தாள். "எம்பொண்ணு டிவில வேல செய்து" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் வருகிறாள் என்றுதான் மற்ற இருபத்தொன்பது பேரும் வந்தார்கள்.

கைதட்டுவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே கண்ணாடி அறையில் இருக்கிற மேடம் என் காதிலிருக்கும் கருவியில் "கிளாப்" என்பார். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் நான் வலது கையைத் தூக்குவேன். முப்பது பேரும் தட்டுவார்கள். கையை இறக்கினால் நிறுத்துவார்கள். வரிசை பிடித்து நாற்று நட்ட கைகள், ஒன்றுகூடப் பிந்தாது. சென்னையிலிருந்து வருகிற ஆடியன்ஸைவிட எங்கள் ஆட்கள் பத்து மடங்கு தேவலை என்று மேடமே சொல்லியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை அன்றைக்கு.

அந்த வாரம் அரசாங்கத்தின் நலத்திட்டங்களைப் பற்றிப் பேச்சு. இடது ஓர நாற்காலியில் வாரம் தவறாமல் வருகிற பொருளாதாரக்காரர் ஒருவர் உண்டு. வெண்ணெய் மாதிரி குரல், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் மதியச் சாப்பாட்டில் இரண்டு பொட்டலம் எப்படிக் குறைந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். காதில் "கிளாப்" விழுந்தது. கையைத் தூக்கினேன். தட்டினார்கள். இறக்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தெருவில் பாதி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. தங்கள் முகம் எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு நிகழ்ச்சி. பொருளாதாரக்காரர் வந்தார். "இலவசமா வாங்கிச் சாப்பிட்டுப் பழகிட்டாங்க. இன்னிக்குக் கிராமத்துல உழைக்கிறதுன்னா என்னன்னே மக்களுக்கு மறந்துபோச்சு" என்றார், ரொம்பவும் வருத்தமாக. உடனே படபடவென்று கைதட்டல். திரை முழுக்க அம்மா. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, முழு பலத்தோடு தட்டுகிறாள்.



"இன்னாத்துக்கும்மே கைத்தட்டுன நீ?" என்றார் பெரியப்பா.

"பாப்பா கையத் தூக்குச்சு. தட்னேன்" என்றாள் அம்மா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. இரண்டு வருஷமாக அந்த நிகழ்ச்சியில் வேலை செய்கிறேன், ஒரு வாரம்கூட அதில் என்ன பேசுகிறார்கள் என்று நான் காதுகொடுத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கை மேலே போயிருக்குமா? அம்மா பையை எடுத்துக்கொண்டு மதிய ஷிப்டுக்கு பஸ் ஏறப் போய்விட்டாள்.

விஷயம் அவளுக்கு முன்னால் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யாரோ அந்தக் காட்சியைப் போனில் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். "நாங்க ஒழைக்கத் தெரியாதவங்கதான், தட்டுக்கா" என்று கூட வேலை செய்கிறவர்களே கிண்டல் செய்தார்களாம். பெருக்கினால் ஒரு கைதட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவினால் ஒரு கைதட்டு. திங்கட்கிழமை காலை காபி போட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"நான் இனிமே வர்ல."

நான் எகிறினேன். தப்பு என் பேரில் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி வரும், அது என் ராசி. "நீ வரலன்னா ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா. என் வேல பூடும்."

"ஒன் வேல பூடக் கூடாதுன்னுதான்டீ ரெண்டு வர்சமா தட்னேன். எம்மானம் பூட்ச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "இப்ப நான் இன்னா பண்ணணும்ங்கிற?" என்று கத்தினேன்.

"அந்தாளு முன்னாடி எனுக்கு ஒரு தபா மைக்கக் குடு" என்றாள்.

மேடத்திடம் போய்க் கேட்டேன். "ஆடியன்ஸ் தட்டத்தான். பேசறவங்கள நாங்க செலக்ட் பண்ணிக் கேள்வி எழுதிக் குடுக்கறோம், உனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "உங்கம்மாவா அது? விடும்மா, யாரு ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க" என்று கனிவாகவே சொன்னார். அந்தக் கனிவில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் ஸ்கிரிப்ட் டீமில் ஒரு இடம் காலியாவதாகவும், என் பேரைச் சொல்லியிருப்பதாகவும் அப்போதுதான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அம்மாவை வேனில் ஏற்ற நான் கொடுத்த ஒரே வாக்கு மைக். கடைசிப் பகுதியில் முன்வரிசையில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்பார், மைக்கை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் இரண்டாவது வரிசையில் அம்மா கையில் வைத்தேன். "யாருக்குக் குடுக்கற? வாங்கு! வாங்குடீ!" என்று காதில் மேடம் அலறினார். கருவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அம்மா இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, வணக்கம். போன வாரம் நீங்க ஒன்னு சொன்னீங்கோ, ஜனங்க ஓசில துன்னுட்டு ஒழைக்க மறந்துட்ச்சின்னு. அதுக்கு நான் கைத்தட்டிட்டேன். கவனிக்காம தட்டுனது என் தப்புதான். அந்தக் கைத்தட்ட இப்ப நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஆதரவு வாபஸ், ஆதரவு வாபஸ் என்று அந்த மேஜையில் வாரா வாரம் அடிபடுகிற வார்த்தை. நான் காதில் வாங்காததையெல்லாம் அவள் வாங்கி வைத்திருந்தாள்.

பொருளாதாரக்காரர் சிரித்தார். "அம்மா, நான் பொதுவாத்தான் சொன்னேன். உங்களைச் சொல்லல."

"அந்தப் பொதுவுல நான் கீறேனா இல்லியா, அத்த மொதல்ல சொல்லுங்கோ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேமராக்காரர் என்று பிறகு தெரிந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஓட்டல்ல ரூம் கிளீனிங்கு. ஒரு நாளிக்குப் பதினாலு ரூம்பு. கார்டுல அரிசி வாங்குறேன், ஆமா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அத்தத் துன்னுட்டுத்தான் பதினாலு ரூம்பும் செய்றேன். இன்னிக்கு ஒரு நாள்தான் எனுக்கு லீவு. அதுலயும் இங்க வந்து ஒங்களுக்குத் தட்டிகினு கீறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாலு ரூமா?" என்றார். அப்புறம், "நான் சொன்னதுல பாதி தப்பும்மா. எந்தப் பாதின்னு யோசிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

"வாங்கோ. நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒருவரும் தட்டவில்லை. நான் கையைத் தூக்கவில்லையே! அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன் பாவிகளை. ஆனால் பெரியப்பா அம்மாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் மேடம் என்னை வெளியே நிறுத்திக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. ஸ்கிரிப்ட் டீமை மறந்துவிடு என்றார். அந்தப் பகுதி வருமா என்று கேட்டேன். "எடிட்ல பாப்போம்" என்று கதவைச் சாத்தினார். வெட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வெட்டிவிட்டால் அந்த குடோனுக்குள் முப்பது பேருக்கு மட்டும் தெரியும், மாமல்லபுரத்தில் யாருக்குத் தெரியும்? வெள்ளியும் சனியும் சோறு இறங்கவில்லை எனக்கு. அம்மா எப்போதும்போல வேலைக்குப் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிய ஐந்து நிமிஷம்தான் பாக்கி. வராது என்று நான் எழுந்தே விட்டேன். வந்தது. வணக்கத்திலிருந்து "நான் இங்கதான் இருப்பேன்" வரைக்கும், ஒரு வார்த்தை குறையாமல். பெரியப்பா டிவிக்கு முன்னால் எழுந்து நின்று தட்டு தட்டென்று தட்டினார், மறைக்காதே என்று நாங்கள் அத்தனை பேரும் அவரைத் திட்டினோம். அம்மா மட்டும், "இன்னா கொரலு இது, தொண்ட கட்டுனாப்ல கீது" என்று அலுத்துக்கொண்டாள். சாயந்திரம் மேடத்திடமிருந்து போன். திட்டவில்லை. "அடுத்த வாரம் முப்பது பேரும் வரணும்" என்றார். வைக்கப் போனவர், "அந்தம்மா வருவாங்கல்ல?" என்றார்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு வேன் வந்து நின்றது. முப்பது பேரும் இருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை.

"இந்த வாரம் இன்னா தலைப்பு?" என்றார் பெரியப்பா.

இரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. தெருவில் நின்றபடியே போன் போட்டு மேடத்தை எழுப்பினேன். "ஆடியன்ஸுக்கு எதுக்குத் தலைப்பு?" என்றார் தூக்கக் கலக்கத்தில். "சொன்னாத்தான் ஏறுவாங்களாம் மேடம்" என்றேன். பாராளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தலாமா என்பது தலைப்பு. உரக்கச் சொன்னேன். "ம்ம்" என்று முனகிக்கொண்டே ஏறினார்கள். படாளம் கூட்ரோடு வருவதற்குள் ஒரு குரல் எழும்பியது, செங்கல்பட்டு பைபாஸ் வருவதற்குள் வேன் இரண்டு கட்சியாகிவிட்டது. அம்மா எனக்கு எதிர்க்கட்சி.