நூலின் எடைக்குச் சோப்பு

தையல்காரருக்கு 'நூல்' என்று பட்டப்பெயர் வைத்தவர் யாரோ, கச்சிதமாக வைத்திருக்கிறார். ஆளும் நூல், துணிச்சலும் நூல். வாளிக்கு மேற்பட்ட தண்ணீரை நம்பாத மனிதர். சின்ன வயதில் அண்ணனைக் கால்வாய் இழுத்துப்போனதைக் கரையில் நின்று பார்த்தவர். அன்றைக்குக் கத்தக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

மனைவி சிமெண்ட் கிடங்கில் மூட்டை சுமப்பவள். இருபது வருஷத்தில் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இந்த வருஷம் கேட்டாள்.

"கால்வாய்ப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன். நீங்க என் முதுகுல உக்காந்தா போதும்."

அந்தப் போட்டியின் சட்டங்கள் எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்தனவோ! மனைவி கண்ணைக் கட்டிக்கொண்டு புருஷனைச் சுமந்து கால்வாயைக் கடக்க வேண்டும். அவன் அவள் காதைத் திருகி வழி காட்டலாம். யார் வாயைத் திறந்தாலும், கண்கட்டை அவிழ்த்தாலும் இருவரும் வெளியே. நடுவில் இறக்கினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஜெயித்தால் புருஷனின் எடைக்குச் சோப்பு.

"நூலை நிறுத்துப் பாத்தா அரை சோப்பு தேறுமா?" என்று கிடங்கே சிரித்தது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். மதகுப் பக்கம் மட்டும் ஆளை முழுங்கும் பள்ளம். அங்கே சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கண்ணைக் கட்டியவளுக்குக் கொடி எங்கே தெரியும்?

நடுக் கால்வாயில் நூலின் காலில் தண்ணீர் பட்டது. சீக்கிரம் போ என்று சொல்லும் பதற்றத்தில் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

கிடங்கில் தோளில் இரண்டு தட்டு என்றால் 'இங்கே இறக்கு' என்று அர்த்தம். பழகிய உடம்பு யோசிக்குமா? மூட்டையைப் போடுவதுபோல அவரைப் பொத்தென்று போட்டாள். செய்த தப்பு உறைத்ததும் கைகளை நீட்டித் துழாவிக்கொண்டே நடந்தாள். நடந்தது சிவப்புக் கொடிப் பக்கம். கரையிலிருந்து யார் எச்சரித்தாலும் அந்தக் கூச்சலில் கேட்காது. தண்ணீர் அவள் மார்புக்கு ஏறியது.

இவளும் போய்விடுவாளா? நூல் தரையில் கால் ஊன்றி, அவளை நோக்கி நடந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் அவள் காது அவர் கைக்கு எட்டியது. பிடித்து இழுத்தார்.

அவரை ஏற்றிக்கொண்டு கடைசியாகத்தான் கரை சேர்ந்தாள். ஆனாலும் போட்டித் தலைவர், "அந்த நேரத்துலயும் சட்டத்தை மீறாத மனுஷன்!" என்று மெச்சி ஒரு சோப்பு கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டில் அவர் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே அவள் வெடித்தாள். "சட்டமாவது மண்ணாவது! கத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கத்தத்தான் பாத்தேன். அண்ணன் போன அன்னிக்கு மாதிரியே சத்தம் வரல." அவர் துண்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அதான் நடந்து வந்தேன்."