பாலாயில் சாக்ஸ் கேட்டார்கள்

எங்கள் பாலாயை வாடகைக்கு விட்டு, தண்ணீர் ஏறிய நாளில் எங்களை அதன் வாசற்படியில் உட்கார வைத்தவர் குணசேகரன். தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வீடமைப்புப் பகுதியின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். யாரோ செய்துவிட்டார்கள், எப்படியோ நடந்துவிட்டது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். யாரோ இல்லை, அவர்தான்.

மழை என்றால் இன்றும் எனக்கு முதலில் வருவது ஈரப் பாயின் வாசம்தான். ஈரப் பாய், அதோடு எண்ணெயில் பொரிகிற வாழைப்பழம், யாரோ திறக்கிற சாடின் மீன் டின். இந்த மூன்றும் கலந்தால் எங்களுக்கு உல்லாசப் பயணம் என்று பொருள். கிள்ளானில் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது எங்கள் தாமான். கீழ் வரிசை வீடுகளின் முதுகிலேயே "லோங்காங்" என்று நாங்கள் சொல்லும் பெரிய சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது. மேட்டில், படியேறிப் போகிற இடத்தில், எல்லோருக்கும் பொதுவான மண்டபம். அதுதான் "பாலாய்". ஆண்டுக் கடைசி மழை விடாமல் பெய்து, லோங்காங் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் எங்கள் பக்கமே திரும்பத் தொடங்கும்போது, லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா வீட்டுக்குள் வந்து, ஒன்றுமே நடக்காதவர் போலக் கையைத் தட்டுவார். "கெளம்பு கெளம்பு, மக்கான் அங்கின் போறோம்."

குடும்பத்தோடு காற்று வாங்க, ஊர் சுற்றப் போவதை இங்கே எல்லா இனத்தாரும் அப்படித்தான் சொல்வார்கள். வசதி உள்ளவர்கள் மலைக்கும் கடலுக்கும் "மக்கான் அங்கின்" போனார்கள், நாங்கள் பாலாய்க்குப் போனோம். மழையில் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய் ஏதோ ஒரு பெரிய கடைத்தொகுதியில் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கியதைச் சொல்லிப் பெருமையடித்த வகுப்புத் தோழியிடம், "நாங்க பாலாயில படுத்தே தூங்கினோம்" என்று சொல்லி அவள் முகம் வாட வைத்திருக்கிறேன். தண்ணீர் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர் வந்ததால் போகிறோம் என்று மட்டும் நாங்கள் நினைத்ததில்லை. பாலாய்க்குப் போகிற பருவத்தில் தண்ணீரும் வரும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

உள்ளே நுழைந்ததும் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஓடுவோம். அம்மா சுவரில் ஆணி அடித்து, பழைய சேலையைக் கட்டி எங்களுக்கென்று ஓர் அறை செய்துவிடுவார். நாங்கள் "மாக்சிக்" என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அத்தை பெரிய "குவாலி" சட்டியில் எண்ணெய் ஊற்றி, வருகிற பிள்ளைக்கெல்லாம் வாழைப்பழம் பொரித்துக் கொடுப்பார். ஆண்கள் கேரம் அடித்துச் சண்டை போடுவார்கள், பெண்கள் தாயம் உருட்டி அதைவிடப் பெரிய சண்டை போடுவார்கள், நாங்கள் சிமெண்டுத் தரையில் அஞ்சாங்கல் ஆடிக் கைமுட்டி தேய்ந்து கிடப்போம்.

எங்கள் கூட்டத்தில் மழையை அதிகம் கொண்டாடியவன் குணா. ஆம், இதே தலைவர்தான், அப்போது பக்கத்து வீட்டு அரைக்கால் சட்டை குணா. தண்ணீர் வடிகிறது என்று யாராவது சொன்னால் அவனுக்கு அழுகை வந்துவிடும். "நாளைக்கும் பேஞ்சா என்னக்கா?" என்று என்னிடம் கேட்டு, "வாயக் கழுவுடா" என்று தன் அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறான். ஒரு வருடம் அவன் அம்மா பிரசவத்துக்கு மருத்துவமனையில் இருந்தபோது இவனுக்குக் காய்ச்சல் கண்டு, அந்தச் சேலை மறைப்புக்குள் என் அம்மாவின் மடியில்தான் கிடந்தான். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தவர் என் அம்மா.

அடுத்த மழையில் அப்பா வீட்டைப் பார்க்கப் போனபோது, குணாவும் நானும் யாரிடமும் சொல்லாமல் பின்னாலேயே போனோம். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே குளிர்பதனப் பெட்டி குப்புறக் கிடந்தது. சேறு சுவரில் நாள்காட்டி வரைக்கும் ஏறியிருந்தது. அம்மா நாலு வீட்டுத் துணி தைத்து எங்களுக்குப் பள்ளிச் செலவு பார்த்த தையல் மெஷின் சேற்றுக்குள் தலைகீழாக, கால் மட்டும் வெளியே தெரியக் கிடந்தது. அதன் பக்கத்தில் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் துடைப்பம்கூட இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"வந்துட்டீங்களா. சரி, பாத்தாச்சுல்ல. அம்மாகிட்ட மெஷினப் பத்திப் பேசாதீங்க."

அதைவிட அதிர்ச்சி பாலாய்க்குத் திரும்பிய பிறகு வந்தது. படியேறும்போதே அப்பா, "வீடு சும்மா கழுவி விட்ட மாதிரி இருக்கு. இனி ஒரு மாசத்துக்குக் கூட்டவே வேணாம்" என்று உரக்கச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார். அத்தனை பெரியவர்களும் ஆண்டுக்கு ஆண்டு இப்படித்தான் சிரித்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குணா என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அன்று அவன் சாப்பிடவில்லை. ஆகவே பாலாய் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த அதே நாளில் அவருக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கீழ் வரிசையில் அதே வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா இல்லை. குணசேகரன் மேல் வரிசையில் இரட்டை மாடி வீடு கட்டிப் போய்விட்டார். அதில் எனக்குப் பொறாமை இல்லை, உழைத்தார், கட்டினார். தலைவரானதும் பாலாயைக் குழந்தைகள் விளையாட்டு மையம் நடத்தும் ஒரு வியாபாரிக்கு விட்டார். "மழைக்காலத்துல பிள்ளைங்கள எங்கயும் கூட்டிட்டுப் போக முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க, இனிமே நம்ம தாமான்லயே இன்டோர் பிளேகிரவுண்டு" என்று கூட்டத்தில் சொல்லிக் கைதட்டும் வாங்கினார். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, "அதான் ஸ்கூல் இருக்கே" என்றாராம். பள்ளிக்குப் போகிற சாலைதான் எங்கள் தாமானில் முதலில் மூழ்கும் சாலை. மழையில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும்.

போன ஆண்டுக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், தண்ணீர் ஏறியது. என் வேன் நின்ற இடத்திலேயே மூழ்கியது. அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கீழ் வரிசைக்காரர்களோடு மேட்டுக்கு நடந்தேன். எங்கே போகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, கால் தானாகப் பாலாய்க்குப் போனது. கதவு இருந்த இடத்தில் கண்ணாடி. அதில், "மழை பெய்தால் என்ன, குடும்பத்தோடு வாங்க" என்று படம் போட்ட விளம்பரம். உள்ளே ஏதோ பிறந்தநாள். பூச்சோங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் வந்த உறவினர்கள். சாலை மூழ்கியதால் அவர்களும் மாட்டிக்கொண்டவர்கள்தான், ஆனால் டிக்கெட் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள்.

கவுண்டரில் இருந்த சின்னப் பெண் எங்கள் கால்களைப் பார்த்தாள்.

"சாரி ஆன்டி, சாக்ஸ் இல்லாம உள்ள விட முடியாது."

"தண்ணி வந்திருச்சும்மா" என்றார் அம்மா.

"தெரியும் ஆன்டி. பெரியவங்களுக்கும் டிக்கெட் இருக்கு ஆன்டி. பாஸ் கேமராவுல பாத்துட்டே இருப்பாரு."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளே குழந்தைகள் உட்காரும் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் போட்டாள். எழுபது தாண்டிய என் அம்மா, முழங்கால் தாடையில் இடிக்க, அதில் உட்கார்ந்தார். நான் தலைவருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அது இப்ப பிரைவேட் இடம் லா. நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஸ்கூலுக்குப் போங்க."

"ஸ்கூல் ரோடு எங்கடா இருக்கு? தண்ணிக்குள்ள இருக்கு. எங்கம்மா நடந்து போவாங்களா, நீந்திப் போவாங்களா?"

"போட் வரும்க்கா. வெயிட் பண்ணுங்க."

அவர் வீட்டு மாடியில் நின்றால் நாங்கள் உட்கார்ந்திருந்த படி தெரியும்.

காத்திருந்தோம். கூரை விளிம்பிலிருந்து சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்ணப் பந்துக் குளத்தில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கதவைத் திறந்து தலையை நீட்டி அம்மாவிடம் கேட்டான்.

"பாட்டி, நீங்களும் பர்த்டேக்கு வந்தீங்களா?"

"இல்லய்யா. வீட்டுல தண்ணி."

"எங்க வீட்டுலயும் தண்ணி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அவன் அம்மா ஓடி வந்து, சங்கடத்தோடு, காகிதத் தட்டில் கேக் கொடுத்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அதைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த மண்டபத்தில் யாருக்குப் பசித்தாலும் எடுத்துக் கொடுத்த கை அது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் படகு வந்து எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப் போனது.

சேறு கழுவியாகிவிட்டது. பாலாயின் சிமெண்டுத் தரைமேல் இப்போது ரப்பர் மெத்தை, சுவரில் சிரிக்கிற கரடிப் பொம்மைகள், அம்மா ஆணி அடித்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் வந்தால் ஓடிப்போய் ஏற எங்களுக்கு ஒரு படி இருந்தது, அது இல்லை. மண்டபம் இல்லாததால் சங்கக் கூட்டம்கூட இப்போது தலைவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டுத்தான் நடக்கிறது. நல்லது. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவை அழைத்து வருகிறேன், முன் வரிசையில் உட்காருவார். குணசேகரன், எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் படிக்க மாட்டேன். ஒப்பந்தம், பராமரிப்பு, வளர்ச்சி என்றும் பேச வேண்டாம். மைக்கை வாங்கி, எழுந்து நின்று, கீழ் வரிசைக்காரர்கள் எல்லோரும் கேட்க ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது நாங்கள் எங்கே போக வேண்டும்?